கிராமத்து வீட்டுக்கு நெட், மாதம் 500-க்குள்: எதை எடுக்கலாம்?

தெற்குமேடு எழுதியது:

எங்கள் ஊர் சங்கரன்கோவிலில் இருந்து ஏழெட்டுக் கிலோமீட்டர். வீட்டில் ஐந்து பேர், நான்கு போன். இதுவரை எல்லாம் மொபைல் டேட்டாவில்தான் ஓடுகிறது, இனி ஓடாது.

மனைவிக்கு வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி வேலை. அலுவலக விபிஎன் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். தினமும் ஒரு மணி நேரம் வீடியோ மீட்டிங் உண்டு. தங்கைக்குச் சாயங்காலம் இரண்டு மணி நேரம் ஆன்லைன் வகுப்பு. ராத்திரி அப்பாவும் அம்மாவும் டிவியில் யூடியூப் பார்ப்பார்கள். கேம், டோரன்ட் எதுவும் கிடையாது.

ஊரில் இப்போது கிடைப்பவை:

1. கேபிள் அண்ணாச்சி பிஎஸ்என்எல் ஃபைபர் இழுத்துத் தருகிறார். மாதம் 449, 30 எம்பிபிஎஸ். பெட்டி, கேபிள், கூலி எல்லாம் சேர்த்து முதலில் 3,000 கேட்கிறார்.

2. பக்கத்து ஊர்த் தனியார் லோக்கல் நெட். 100 எம்பிபிஎஸ், மாதம் 400. பெட்டி இலவசம், ஆனால் ஆறு மாதப் பணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும்.

3. ஜியோ ஏர்ஃபைபர், 599 திட்டம்.

4. ஒரு 5ஜி சிம் போட்டு ஹாட்ஸ்பாட்.

ஜியோ, ஏர்டெல் இரண்டின் ஃபைபர் கேபிளும் ஊருக்குள் வரவில்லை. மாதம் 500-க்கு மேல் முடியாது. முதல் செலவு 3,000 வரை சமாளிக்கலாம். வாரத்தில் இரண்டு மூன்று முறை கரன்ட் போகும், இன்வெர்ட்டர் இல்லை. 30 எம்பிபிஎஸ் ஐந்து பேருக்குப் போதுமா? பணம் கட்டுவதற்கு முன் என்னென்ன கேட்க வேண்டும்?

—

கம்பிக்காரன் எழுதியது:

தம்பி, முதல்ல வரியைக் கூட்டுங்க. இன்டர்நெட்டுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். விளம்பரத்துல போடுற விலை வரிக்கு முந்தினது. 449-ன்னா கையிலருந்து போறது 529.82. 599-ன்னா 706.82. லோக்கல் ஆள் சொன்ன 400 வரியோடயா, வரி இல்லாமயான்னு கேளுங்க. இல்லாமன்னா 472. ரசீது தருவாரான்னும் அப்பவே கேட்டுருங்க. ரசீது இல்லாம ஆறு மாசப் பணத்தை யார் கையிலயும் குடுக்காதீங்க.

30 எம்பிபிஎஸ் உங்க வீட்டுக்குத் தாராளம். வீடியோ மீட்டிங் ஒண்ணுக்கு 3-லருந்து 4, வகுப்புக்கு 2-லருந்து 3, டிவில ஹெச்டி ஓடினா 5-லருந்து 8, மத்த போன் எல்லாத்துக்கும் ஒரு 5. எல்லாம் ஒரே நேரத்துல ஓடினாலும் 20 தாண்டாது. 30 எம்பிபிஎஸ்னா நொடிக்கு 30 எம்பி இறங்கும்னு நினைச்சு ஏமாந்துட்டோம்னு சில பேர் சண்டைக்கு வருவாங்க. அது பிட் கணக்கு, ஃபைல் அளவு பைட் கணக்கு. எட்டால வகுக்கணும், நொடிக்கு 3.75 எம்பி. ஒரு ஜிபி ஃபைல் இறங்க நாலரை நிமிஷம் ஆகும்.

இப்ப முக்கியமான விஷயம். கிராமத்துப் பக்கம் பிஎஸ்என்எல் ஃபைபர்னு நீங்க வாங்குறது பெரும்பாலும் உள்ளூர் கேபிள்காரர் கம்பியைத்தான். அவர் வருமானப் பங்கு அடிப்படையில பிஎஸ்என்எல்லோட பார்ட்னரா இருப்பார். தெருவுல இழை, ஸ்ப்ளிட்டர் (ஒரு இழை வெளிச்சத்தைப் பல வீட்டுக்குப் பிரிக்கிறது), உங்க வீட்டு இணைப்பு எல்லாம் அவர் பொறுப்பு. அதனால பில்லுல எந்தக் கம்பெனி பேர் இருக்குங்கிறதை விட, கம்பி அறுந்தா யார் ஏணியோட வருவார், எப்ப வருவார்ங்கிறதுதான் கேள்வி. உங்க பட்டியல்ல 1, 2-ல இருக்கிற ரெண்டு ஆளுங்ககிட்டயும் ஏற்கெனவே கனெக்ஷன் வாங்கின வீடுகள்ல போய் விசாரிங்க. போன தடவை அறுந்தப்ப எத்தனை நாள்ல சரியாச்சு? மழை பெஞ்சா போகுதா? ஊர்ல கரன்ட் போனா நெட்டும் போகுதா?

கடைசிக் கேள்வியை லேசா விடாதீங்க. உங்க வீட்டுப் பெட்டிக்கு நீங்க பேட்டரி வச்சாலும், அவர் ஓஎல்டி (எல்லா வீட்டுக்கும் வெளிச்சம் அனுப்புற மெயின் பெட்டி) வச்சிருக்கிற இடத்துல பேக்கப் இல்லேன்னா பிரயோஜனம் இல்லை. ஃபைபர்ல நடுவழியில வர்ற ஸ்ப்ளிட்டருக்குக் கரன்ட் வேண்டாம், ரெண்டு முனைக்கு மட்டும் வேணும். அந்த முனைல எத்தனை மணி நேரம் பேட்டரி தாங்கும்னு நேராவே கேளுங்க. நல்ல ஆளா இருந்தா உடனே பதில் வரும்.

3,000 நியாயமான்னா, தூரத்தைப் பொறுத்தது. ஓஎன்டி, அதாவது வீட்டுல வைக்கிற பெட்டி, சிங்கிள் பேண்ட் (ஒரே வைஃபை அலைவரிசை) புதுசு 1,200-லருந்து 1,500. டிராப் கேபிள் (கம்பத்துலருந்து வீட்டுக்கு வர்றது) தரத்தைப் பொறுத்து மீட்டருக்கு 5-லருந்து 10 ரூபா. 150 மீட்டர் இழுத்தா கேபிளே ஆயிரத்தைத் தாண்டிரும். மீதி கனெக்டர், கூலி. ஸ்ப்ளிட்டர் பாக்ஸ் உங்க வீட்டுக்கு எதிர்க் கம்பத்துலயே இருந்தா 3,000 அதிகம், பேரம் பேசுங்க. பெட்டி உங்களுக்குச் சொந்தமா, வாடகையான்னு தெளிவாக் கேளுங்க. "இலவசப் பெட்டி"ன்னா அது எப்பவும் அவரோடது. கனெக்ஷனை நிறுத்தினா கழட்டிட்டுப் போயிருவார்.

டூயல் பேண்ட் பெட்டி வாங்கச் சொல்வாங்க, ஆயிரம் ரூபா கூட ஆகும். 30 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு, பக்கத்துல அதிக வைஃபை இல்லாத கிராமத்து வீட்டுக்கு, சிங்கிள் பேண்ட் போதும். நகரத்து அபார்ட்மென்ட்னா வேற கதை.

பிஎஸ்என்எல்லயே 329 ரூபா என்ட்ரி திட்டம் ஒண்ணு உண்டு, வரியோட 388.22. 1,000 ஜிபிக்கு அப்புறம் வேகம் குறையும். எல்லா இடத்துலயும் கிடைக்காது, எல்லாருக்கும் திறந்திருக்காது. ஆனாலும் வாய் விட்டுக் கேளுங்க. கேக்காதவங்களுக்கு அதை யாரும் தானாச் சொல்றதில்லை.

—

கணக்குப்பிள்ளை எழுதியது:

நண்பருக்கு வணக்கம். 500 என்ற எல்லையை நெட் பில்லுக்கு மட்டும் வைத்தால் கணக்கு உதைக்கும். வீட்டில் நான்கு போன் ரீசார்ஜும் இருக்கிறதே, அதையும் சேர்த்துப் பாருங்கள்.

2024 ஜூலையில் விலை ஏறிய பிறகு ஜியோவில் நாளுக்கு 1.5 ஜிபி, 28 நாள் பேக் 299. ஆண்டுக்கு 13 முறை போட வேண்டும், 3,887 ரூபாய். நான்கு போனுக்கு 15,548. இந்தப் பணத்தில் பாதிக்கு மேல் டேட்டாவுக்குப் போகிறது. வீட்டில் வைஃபை வந்துவிட்டால், எப்போதும் வீட்டிலேயே இருக்கும் பெற்றோரின் போனுக்கு அந்த டேட்டா எதற்கு?

டேட்டா வேண்டாதவர்களுக்குப் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பேக் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2024 டிசம்பரில் விதி திருத்தியது. அடுத்த மாதமே பேக்குகள் வந்தன: ஜியோவில் 336 நாளுக்கு 1,748, ஏர்டெல்லில் 365 நாளுக்கு 1,849. செயலியின் முகப்பில் இவை கண்ணில் படாது. பேக் பட்டியலில் கீழே போய்த் தேட வேண்டும். விலையும் அவ்வப்போது மாறும், போடும் அன்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜியோ பேக்கை 365 நாளுக்கு நீட்டிக் கணக்குப் போட்டால் சுமார் 1,900. ஒரு போனுக்கு ஆண்டில் ஏறக்குறைய 1,990 மிச்சம், மாதத்துக்கு 165. அப்பா, அம்மா இருவர் போனையும் மாற்றினால் மாதம் 330. ஆக 529.82 ரூபாய் பிஎஸ்என்எல் இணைப்பு உங்கள் வீட்டுக்கு உண்மையில் 200 ரூபாய்தான் கூடுதல் செலவு.

ஒரு எச்சரிக்கை. இந்த பேக்கில் டேட்டா அறவே இல்லை. வெளியே போய் ஜிபே, போன்பே அடிக்க முடியாது. வங்கி ஓடிபி எஸ்எம்எஸ்ஸாக வருவதால் அதற்குச் சிக்கல் இல்லை. சந்தைக்குப் போய்ப் பணம் அனுப்பும் ஆள் அப்பா என்றால் அவருக்கு இது சரிப்படாது, அம்மாவுக்கு மட்டும் மாற்றுங்கள். வேலைக்குப் போகிறவர் போனில் கை வைக்க வேண்டாம்.

இன்னொன்று: வீட்டுக்குள் சிக்னல் குறைவாக இருந்தால் போன் செட்டிங்கில் வைஃபை காலிங்கை ஆன் செய்துவிடுங்கள். ஜியோ, ஏர்டெல் இரண்டிலும் தனிக் கட்டணம் இல்லை. அழைப்பு வீட்டு வைஃபை வழியாகவே போகும்.

—

மாடிவீடு எழுதியது:

3, 4 இரண்டையும் பற்றிச் சுருக்கமாக.

ஹாட்ஸ்பாட் உங்களுக்கு ஆகாது. வரம்பில்லா 5ஜி என்பது நாளுக்கு 2 ஜிபியோ அதற்கு மேலோ உள்ள பேக்குகளில்தான், அதுவும் போன் 5ஜி டவரில் நிற்கும் வரைதான். 4ஜிக்கு இறங்கிய நொடியிலிருந்து அந்த 2 ஜிபி கழியத் தொடங்கும். மீட்டிங் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1 ஜிபி, வகுப்புக்கு 1 முதல் 1.5. டிவியைத் தொடும் முன்பே கோட்டா காலி. அதற்குப் பிறகு வேகம் 64 கேபிபிஎஸ், வாட்ஸ்அப் எழுத்து மட்டும் போகும். தவிர, ஹாட்ஸ்பாட் போட்ட போனை வெளியே எடுத்துக்கொண்டு போனால் வீடு முழுக்க நெட் போய்விடும். நாள் முழுக்கச் சார்ஜரில் கிடந்தால் பேட்டரி உப்பும்.

ஏர்ஃபைபர் ஃபைபரே வராத ஊருக்கு நல்லது. மாடியில் ஒரு ஆன்டெனாப் பெட்டி, கீழே ஒரு ரவுட்டர், இரண்டுக்கும் கரன்ட் வேண்டும். மாத வரம்பு 1,000 ஜிபி, உங்களுக்கு அது தீராது. ஆனால் வரியோடு 707 ரூபாய், மேலே நிறுவும் கட்டணம். கம்பி இழுக்க ஆள் இருக்கும் ஊரில் இது தேவையில்லை.

—

தெற்குமேடு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ரீசார்ஜ் கணக்கு எனக்குத் தோன்றவே இல்லை. அம்மா போனை மட்டும் மாற்றலாம், அப்பா கடையில் போன்பே அடிப்பவர்.

விசாரித்த வரை:

லோக்கல் நெட்காரர் காலை 11 மணிக்குத் தன் போனில் ஸ்பீட்டெஸ்ட் போட்டுக் காட்டினார், 95 வந்தது. வரி பற்றிக் கேட்டால் "அதெல்லாம் உள்ளேயே" என்கிறார். ரசீது வாட்ஸ்அப்பில் அனுப்புவாராம்.

கேபிள் அண்ணாச்சியிடம் 329 திட்டம் எங்கள் எக்ஸ்சேஞ்சில் இல்லையாம். அவருடைய ஓஎல்டிக்கு நான்கு மணி நேரம் பேட்டரி உண்டு என்றார். அவரிடம் இணைப்பு எடுத்த அடுத்த தெரு வீட்டில் கேட்டேன். கரன்ட் போனாலும் நெட் இருக்கிறது, ஆனால் மழை நாளில் சில சமயம் சிவப்பு விளக்கு எரிகிறது என்றார்கள். அவர்கள் பெட்டியின் செட்டிங் பக்கத்தை பிரவுசரில் திறந்து பார்த்ததில் ஆர்எக்ஸ் பவர் (பெட்டிக்கு வந்து சேரும் ஒளியின் அளவு) மைனஸ் 26.3 என்று இருந்தது. இது நல்லதா கெட்டதா?

—

கம்பிக்காரன் எழுதியது:

நல்ல வேலை பண்ணிருக்கீங்க. அந்த எண்ணைப் பாத்துட்டுதான் நிறைய பேர் பணமே கட்டணும்.

மைனஸ் 26.3 விளிம்புல நிக்குது. பொதுவா ஜிபான் முறையில ஓடுற ஓஎன்டி மைனஸ் 8-லருந்து மைனஸ் 27 வரைக்கும் பிடிக்கும். எண் பெரிசாக ஆக வெளிச்சம் குறையுதுன்னு அர்த்தம். மைனஸ் 18-லருந்து 23-க்குள்ள இருந்தா நிம்மதி. 26 தாண்டினா, ஜாயின்ட்ல ஈரம் ஏறினாலோ காத்துல கேபிள் இழுபட்டாலோ இன்னும் ஒரு டிபி (வெளிச்சத்தை அளக்குற அலகு) போகும், சிவப்பு விளக்கு எரியும். அந்த வீட்டுல மழைக்கு நெட் போறது இதனாலதான்.

எதனால இவ்வளவு குறையுதுன்னு ஒரு கணக்கு. ஓஎல்டிலருந்து பிளஸ் 5 கிளம்புதுன்னு வைங்க. எட்டா பிரிக்கிற ஸ்ப்ளிட்டர் ஒண்ணு 10.5 தின்னும். வழியில ரெண்டு இருந்தா 21. நாலு கிலோமீட்டர் இழைக்கு ஒண்ணு ஒண்ணரை, கனெக்டர் ஜாயின்ட் எல்லாத்துக்கும் ரெண்டு. மைனஸ் 19, 20-ல வந்து நிக்கணும். அங்க 26 காட்டுதுன்னா ஆறு டிபி எங்கயோ ஒழுகுது. கேபிள் டிவி வழக்கப்படி கப்ளரை (வெளிச்சத்துல ஒரு பங்கை மட்டும் பிரிச்சு விடுறது) தெருத்தெருவா ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா மாட்டிருந்தா, கடைசி வீட்டுக்குக் கஞ்சி மாதிரிதான் வரும்.

அந்த வீடு லைன் கடைசியில இருக்கா, உங்க வீடு அதுக்கு முன்னாடியா பின்னாடியான்னு பாருங்க. பின்னாடின்னா வேற ஸ்ப்ளிட்டர்லருந்து எடுத்துக் குடுங்கன்னு கேளுங்க. முன்னாடின்னா பிரச்சினை அந்த வீட்டோட டிராப்லயே இருக்கலாம். சாதாரணமா நடக்குற தப்பு மூணு. ஜன்னல் மூலையில கேபிளை மடக்கி ஆணி அடிச்சிருப்பாங்க. கையால மாட்டுற ஃபாஸ்ட் கனெக்டர்ல இழையைச் சரியா வெட்டாம சொருகிருப்பாங்க. இல்லேன்னா பச்சை முனையை நீலத் துளையில மாட்டிருப்பாங்க. பச்சைல இழை முகம் எட்டு டிகிரி சாய்வா சீவிருக்கும், நீலத்துல சாய்வு இருக்காது. ரெண்டும் ஒட்டாது, நடுவுல காத்து நிக்கும், அங்கயே பல டிபி போயிரும். பெட்டிலயும் கேபிள்லயும் ஒரே நிறமான்னு யாரும் கண்ணால பாத்துக்கலாம். பாக்கும்போது முனைக்குள்ள நேரா எட்டிப் பாக்காதீங்க. லேசர் கண்ணுக்குத் தெரியாது, ஆனா பார்வைக்குக் கெடுதல்.

இன்னொரு நுணுக்கம். அண்ணாச்சி பவர் மீட்டர் வச்சுக் காட்டினா அது நெட் வர்ற 1490 நானோமீட்டர் அலைநீளத்துல இருக்கணும். கேபிள் டிவியும் அதே இழைல 1550-ல வந்தா, சாதா மீட்டர் ரெண்டையும் கூட்டி நல்ல எண்ணாக் காட்டிரும். பெட்டியோட செட்டிங் பக்கத்துல வர்ற ஆர்எக்ஸ் எண்ணையே நம்புங்க.

அண்ணாச்சிகிட்டச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "என் பெட்டில மைனஸ் 23-க்குள்ள காட்டினா மீதி ஆயிரத்தைத் தர்றேன்." 2,000 முதல்ல, 1,000 அதுக்கப்புறம். வேலை தெரிஞ்சவர் ஒத்துக்குவார்.

லோக்கல் ஆள் காட்டின 95-ஐ மறந்துருங்க. ஸ்பீட்டெஸ்ட் தானாவே பக்கத்து சர்வரை எடுத்துக்கும், அது அவருக்கு நெட் குடுக்குற கம்பெனியோட சர்வராவே இருக்கலாம். கம்பி தாங்குமாங்கிறது மட்டும்தான் அதுல தெரியும். காலை 11 மணிக்கு ஊர்ல யாரும் பாக்கவும் மாட்டாங்க. அவர் வாடிக்கையாளர் யாராவது வீட்டுல ராத்திரி எட்டரைலருந்து பத்துக்குள்ள, லேப்டாப்பை லேன் வயர்ல மாட்டி, சர்வரை மாத்தி சென்னையில வேற கம்பெனி சர்வர் ஒண்ணு, மும்பையில ஒண்ணு எடுத்துப் போடுங்க. அப்லோடையும் பாருங்க, விபிஎன் வேலைக்கும் மீட்டிங்குக்கும் அதுதான் உயிர். 5-க்குக் கீழ வந்தா வேண்டாம். அப்படியே கூகுளோட 8.8.8.8 சர்வருக்கு நூறு பிங் (சின்னச் சோதனைச் செய்தி) அனுப்பிப் பாருங்க. ரெண்டு மூணுக்கு மேல தொலைஞ்சா மீட்டிங்ல குரல் வெட்டி வெட்டி வரும். வேகம் 95 இருந்தும் வரும்.

—

பழைய ரசீது எழுதியது:

ஆறு மாத முன்பணம் பற்றி ஒரு வார்த்தை. மொத்தமாகக் கட்டுவது எப்போதும் தப்பில்லை, ஆண்டுக்குக் கட்டினால் ஒரு மாதம் கூடுதலாகத் தரும் நிறுவனங்களும் உண்டு. ஆனால் முதல் ஆறு மாதத்துக்கு அப்படிக் கட்டாதீர்கள். ஒரு மழைக்காலம், ஒரு கோடை தாண்டினால்தான் லைனின் தரம் தெரியும். தனியாரிடம் கேளுங்கள்: ஒரு மாதம் மட்டும் கட்டி எடுக்கிறேன், பெட்டிக்கு வைப்புத்தொகை வேண்டுமானால் தருகிறேன், ரசீதில் "திருப்பித் தரத்தக்கது" என்று எழுதிக் கொடுங்கள். மறுத்தால் விட்டுவிடலாம்.

வரி உள்ளேயே என்பவர் ரசீதில் ஜிஎஸ்டி எண் இருக்கிறதா பாருங்கள். எண் இல்லாத ரசீதில் வரி எப்படி உள்ளே இருக்கும்?

புகார் செய்ய நேர்ந்தால் கால் சென்டரில் டாக்கெட் எண் (புகார் எண்) வாங்காமல் போனை வைக்காதீர்கள். லைன்மேனுக்கு அனுப்பிய வாட்ஸ்அப் புகார் ஆகாது. மூன்று வேலை நாளுக்கு மேல் பழுது நீடித்தால் வாடகைக் கழிவு கேட்க விதியில் இடம் உண்டு, அதற்கும் அந்த எண்தான் ஆதாரம். பதில் திருப்தி இல்லையென்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம், கட்டணம் இல்லை. ட்ராய் தனி ஆள் புகாரை நேராக எடுத்துத் தீர்ப்பதில்லை. திட்டங்களை ஒப்பிட மட்டும் அவர்கள் தளம் உதவும்.

மாத டேட்டா வரம்பு தீர்ந்து வேகம் குறைந்தபின் எவ்வளவு வரும் என்றும் கேளுங்கள். 2023 ஜனவரியிலிருந்து பிராட்பேண்ட் என்றாலே குறைந்தது 2 எம்பிபிஎஸ் என்று தொலைத்தொடர்புத் துறை வரையறுத்திருக்கிறது.

—

பேட்டரி பாண்டி எழுதியது:

கரன்ட் போனால் வீட்டுப் பெட்டிக்கு என்ன செய்வது என்று யாரும் விரிவாகச் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

அண்ணாச்சி பக்கம் நான்கு மணி நேரம் பேட்டரி இருப்பதால் வீட்டில் மினி யுபிஎஸ் வைப்பது வீண் போகாது. இன்வெர்ட்டர் வேண்டியதில்லை. ஓஎன்டி அடாப்டரில் 12 வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். பெரும்பாலும் 1 அல்லது 1.5 இருக்கும். 12 வோல்ட் 2 ஆம்பியர் தரும் மினி யுபிஎஸ் எடுத்தால் தாங்கும். சுமார் 1,000 முதல் 1,500 ரூபாய்.

பெட்டி மேல் 8,800 எம்ஏஹெச் என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லுக்கான கணக்கு. 8.8-ஐ 3.7-ஆல் பெருக்கினால் 32 வாட்-மணி. ஓஎன்டி 8 வாட் இழுத்தால் நான்கு மணி நேரம், வோல்ட்டை ஏற்றுவதில் போகும் நட்டம் கழித்து மூன்று மணி நேரம் பிடிக்கும். "12 வோல்ட்டில் 8,800" என்று சொல்லி விற்கும் கடையை விட்டு நகர்ந்துவிடுங்கள். ப்ளக் முனையின் நடுவில் பிளஸ்ஸா என்று இரண்டு பெட்டியிலும் இருக்கும் குறியைப் பாருங்கள், மாறினால் ஓஎன்டி போய்விடும்.

இடி மின்னல் நேரத்தில் அடாப்டரைப் பிடுங்கி வையுங்கள். கண்ணாடி இழை வழியே மின்சாரம் வராது என்பது சரி, ஆனால் அடாப்டர் வழியே வரும்.

வைஃபை: பெட்டியை டிவிக்குப் பின்னாலோ ஃபிரிட்ஜ் மேலோ வைக்காதீர்கள். ஹாலில் ஆள் உயரத்தில், மனைவி வேலை செய்யும் அறைச் சுவரை ஒட்டி வையுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல் 1, 6, 11 மூன்றில் ஒன்று, சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். ஆட்டோவில் விட்டால் சில பெட்டிகள் 40-க்குப் போய் ஆட்டம் காட்டும். அலுவலக லேப்டாப்பை லேன் வயரிலேயே மாட்டிவிடுங்கள். நல்ல செப்புக் கம்பி கேட்-5இ கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் செப்பு முலாம் பூசியது மலிவாகக் கிடைக்கும், மடக்கினால் உள்ளே முறியும்.

—

தெற்குமேடு எழுதியது:

லோக்கல் நெட் வீடு ஒன்றில் ராத்திரி 9 மணிக்குப் போட்டுப் பார்த்தேன். சென்னை சர்வரில் இறக்கம் 38, ஏற்றம் 4. நூறு பிங்கில் 7 போயின. ரசீதில் ஜிஎஸ்டி எண் இல்லை. எனவே பிஎஸ்என்எல்தான். அண்ணாச்சியும் 2,000 பிறகு 1,000 என்பதற்கு ஒத்துக்கொண்டார். எங்கள் வீடு அந்த வீட்டுக்கு முந்தின தெரு, தனி ஸ்ப்ளிட்டரிலிருந்து தருகிறேன் என்கிறார்.

ஒரே கவலை: டிராப் கேபிள் கரன்ட் லைனுக்கு அடியில் தெருவைத் தாண்டி வர வேண்டும். இபி போஸ்ட்டில் கட்டிக் கொடுக்கிறேன் என்றார். பரவாயில்லையா? பெட்டியை நாங்களே வாங்கினால் பின்னால் வேறு கம்பெனிக்கு மாறினாலும் பயன்படுமா?

—

கம்பிக்காரன் எழுதியது:

38-ம் 4-ம் பாத்தே தெரியுது, வாங்கின அளவை விட அதிகமா வித்துட்டார். விட்டது நல்லது.

இபி போஸ்ட்ல கட்ட விடாதீங்க. அனுமதி இல்லாமக் கட்டினா மின்வாரியம் எப்ப வேணா அறுத்து விடலாம், யார்கிட்டயும் கேக்க முடியாது. அதை விட ஆபத்து, டிராப் கேபிள்ல தாங்குறதுக்கு வர்ற ஸ்டீல் கம்பி. மின் கம்பி அறுந்து அது மேல விழுந்தா உங்க வீட்டுச் சுவர் வரைக்கும் கரன்ட் வரும். உள்ள ஸ்டீல் இல்லாம எஃப்ஆர்பி (நார் கலந்த பிளாஸ்டிக்) குச்சி வச்ச கேபிள் இருக்கு, மீட்டருக்கு ஒண்ணு ரெண்டு ரூபாதான் கூட. அதைக் கேட்டு வாங்குங்க. தெருவைத் தாண்ட எதிர் வீட்டு மாடில ஒரு ஹூக் போட அவங்ககிட்டக் கேட்டுக்குங்க. கரும்பு லோடு, வைக்கோல் லோடு வண்டி போற தெருன்னா உயரத்தையும் பாத்துக் கட்டணும். மின் கம்பிக்குக் கீழ நல்லா இடைவெளி விட்டுக் கட்டட்டும்.

வீட்டுக்கு வெளிய நாலஞ்சு மீட்டர் கேபிளைச் சுத்தி விட்டுட்டுப் போகச் சொல்லுங்க, கை அகலத்துக்குச் சின்னதாச் சுத்தாம. அணில் கடிச்சா அந்த மிச்சத்துலருந்து இழுத்து புது முனை போட்டுக்கலாம். மிச்சம் இல்லேன்னா நடுவுல ஜாயின்ட் போடணும், இல்ல முழுக் கேபிளையும் மாத்தணும். சுவருக்குள்ள வர்ற ஓட்டையை வெளிப்பக்கம் சரிவாப் போடச் சொல்லுங்க, மழைத்தண்ணி உள்ள வராது.

பெட்டி வாங்கினா எக்ஸ்பான்னு எழுதின ஓஎன்டியா வாங்குங்க. ஃபைபர்ல இருக்கிற ஜிபான், இபான் ரெண்டு முறைலயும் அது ஓடும். பிஎஸ்என்எல்லுக்கு ஜிபான் ஓடினாப் போதும், ஆனா சின்ன ஆளுங்க இபான் வச்சிருப்பாங்க, பின்னால மாறினா அங்கயும் மாட்டலாம். பெரிய தனியார் கம்பெனிகள் தங்க பெட்டியை மட்டும்தான் அனுமதிப்பாங்க, அங்க உங்களுது உதவாது. எந்த மாடல் தங்க ஓஎல்டில ஏறும்னு அண்ணாச்சிகிட்ட முதல்ல கேட்டுட்டு வாங்குங்க. ஆன்லைன்ல மலிவா இருக்குன்னு வாங்கி, ஏறாம திருப்பி அனுப்பின பெட்டி நிறைய உண்டு.

மாட்டி முடிஞ்சதும் மூணு விஷயத்தை எழுதி வாங்குங்க: பிபிபிஓஇ (நெட்டுக்குள்ள நுழையுற லாகின்) யூசர் நேம், பாஸ்வேர்டு, விலான் எண் (பெட்டி செட்டிங்ல போட வேண்டிய எண்). யாராவது ரீசெட் பட்டனை அழுத்திட்டா இது மூணும் இல்லாம நெட் வராது, லைன்மேன் வர்ற வரைக்கும் காத்திருக்கணும். பெட்டிக்கு அடியில இருக்கிற சீரியல் எண்ணை ரசீதுல எழுதச் சொல்லுங்க. அன்னிக்கு ஆர்எக்ஸ் என்ன காட்டுச்சோ அதையும் பக்கத்துலயே குறிச்சு வைங்க. பின்னால எண் ரெண்டு டிபி இறங்கினா, சிவப்பு விளக்கு எரியுற வரைக்கும் காத்திருக்காம அண்ணாச்சியைக் கூப்பிடலாம்.